எண்பத்திரண்டில் ஒரு ஆள் குறைகிறது

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் மருத்துவமனை முதல்வர் அவர்களே, மேடையில் இருக்கும் துறைத் தலைவர்களே, வார்டு வேலையை ஒருவர் தலையில் ஒருவர் கட்டிவிட்டு அரைமணி நேரம் திருடிக்கொண்டு வந்திருக்கும் செவிலியர்களே, பதிவறை, மருந்தகம், சலவைப் பிரிவு, தூய்மைப் பணி என்று எங்கிருந்தெல்லாமோ வந்து கூடியிருக்கும் தோழர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் அக்காவின் கணவர் அவர்களே, அவர் பெற்ற மகளே, கடைசியில் சுவரோரமாக நின்றுகொண்டிருக்கும் நோயாளிகளே!

உங்களைக் கடைசியாகச் சொல்கிறேன். அது என் பழக்கதோஷம். மன்னியுங்கள். முன்னால் நாற்பது நாற்காலி காலியாகக் கிடக்கிறது, நீங்கள் மட்டும் நிற்கிறீர்கள். இத்தனை ஆண்டுகளாக என் நோயாளிகள் எந்தக் கூட்டத்துக்கு வந்தாலும் இப்படிச் சுவரில் சாய்ந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். மரியாதைக்கு நிற்கிறார்கள் என்று நினைத்து உள்ளூர மகிழ்ந்திருக்கிறேன். உங்களால் கால்மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது என்பது இப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதை எழுதி வைத்தவர் இப்போது இல்லை.

பதினோரு நாட்களுக்கு முன்பு, நம் மருத்துவமனையின் மறுபரிசோதனைப் பிரிவில் பணியாற்றிய மூத்த செவிலியர், ஐம்பத்தேழு வயதில், மாரடைப்பால் நம்மை விட்டுப் போய்விட்டார். ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம் இருந்தது. எனக்கு முன்னால் பேசியவர்கள் அவருடைய பொறுமையைப் புகழ்ந்தார்கள், நேரந்தவறாமையைப் புகழ்ந்தார்கள், சிரித்த முகத்தைப் புகழ்ந்தார்கள். எல்லாம் உண்மை. முதுகெலும்பு அறுவைத் துறையின் தலைவன் என்பதால் 'அர்ப்பணிப்பு' என்ற தலைப்பில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எழுதியும் கொண்டுவந்தேன். இதோ, சட்டைப்பையில் இருக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும்.

வயதில் நான் அவருக்கு மூத்தவன். ஆனாலும் ஊருக்கெல்லாம் அக்கா என்றால் எனக்கும் அக்கா. நாம் அவரை எப்படி அழைத்தோம்? 'வராதவங்க அக்கா' என்று அழைத்தோம். அந்தப் பட்டத்தைச் சூட்டியது யார்? நான்தான்! திங்கட்கிழமைக் கூட்டத்தில் நோயாளிகளின் அட்டைகளைக் கொண்டுவந்து மேசைமேல் வைப்பார். நாங்கள் புரட்டுவோம், ஒருவரை ஒருவர் மெச்சிக்கொள்வோம். போகும்போது வாசலில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"டாக்டர், வராதவங்க எங்க?"

"வராதவங்க வீட்ல சௌக்கியமா இருக்காங்க அக்கா. வலிச்சா வரமாட்டாங்களா?"

நாங்கள் சிரிப்போம். அவரும் சிரித்துவிட்டுப் போவார். அடுத்த திங்கட்கிழமை அதே கேள்வி.

இதில் சிரிக்க என்ன இருந்தது என்று, மருத்துவம் படிக்காத உங்களுக்கு நான் விளக்க வேண்டும். இடுப்புப் பக்கத்து முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல ஒரு ஜவ்வு இருக்கிறது. 'டிஸ்க் விலகிடுச்சு' என்கிறோமே, அது. அது பிதுங்கி நரம்பை அழுத்தினால் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை வலி இழுக்கும். பிதுங்கியதை எடுத்துவிட்டால் பெரும்பாலோருக்குக் கால்வலி சட்டென்று குறையும். இது பொய்யில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன்பு, இரண்டே ஆண்டில் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு நான் இந்த அறுவையைச் செய்தேன். பத்து ஆண்டு கழித்து அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு கட்டுரை எழுதினேன். நூற்றுக்குத் தொண்ணூற்றொரு பேர் நலம்! கைதட்டினார்கள். பதக்கம் தந்தார்கள். அந்தக் கட்டுரையைச் சட்டம் போட்டு வெளிநோயாளிகள் கூடத்தில் மாட்டினோம். இன்று காலை வரை அது அங்கேதான் தொங்கியது.

அந்தத் தொண்ணூற்றொன்று எப்படி வந்தது தெரியுமா? பத்தாம் ஆண்டு சோதனைக்கு வந்தவர்கள் நூற்று முப்பது பேர். அதில் நூற்றுப் பன்னிரண்டு பேர் நலம். மிச்சம் எண்பத்திரண்டு பேர் வரவே இல்லை. வராதவர்களையும் நான் நலம் என்றே எழுதினேன். வலித்தால் வந்திருப்பார்களே! எங்கள் துறையில் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தோம். ஒருவரும் தடுக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனுக்குப் பதக்கம் என்றால், எண்பத்திரண்டு மனிதர்களை மறைத்தவனுக்கு என்ன தருவது?

கட்டுரையை மாட்டிய அன்று அக்கா அதன் முன்னால் நெடுநேரம் நின்றார். மறுநாளே ஒரு காலிக் கையுறைப் பெட்டியில் எண்பத்திரண்டு அட்டைகளையும் அடுக்கினார். டோக்கன் கூப்பிடும் வேலை பகல் பன்னிரண்டுக்கு ஓயும். அதன்பிறகு மேசைத் தொலைபேசியை எடுப்பார். எண் மாறியிருந்தால் பக்கத்து வீட்டைப் பிடிப்பார், பழைய முதலாளியைப் பிடிப்பார். ஒரு பேருந்து ஓட்டுநரைத் தேடி நான்கு பணிமனைக்குப் பேசினார் என்று கேள்விப்பட்டேன்.

அவர் பேசுவதை ஒருநாள் வாசலில் நின்று கேட்டிருக்கிறேன். 'நல்லா இருக்கீங்களா' என்று அவர் யாரையும் கேட்டதே இல்லை. அப்படிக் கேட்டால் சாகக் கிடப்பவனும் 'நல்லா இருக்கேன், நீங்க எப்படி இருக்கீங்க' என்றுதானே சொல்வான்? அவர் கேட்டது வேறு.

"அண்ணே, ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறேன். பயப்படாதீங்க, திரும்ப வெட்டறதுக்கு ஒண்ணும் கூப்பிடல. காலைல குனிஞ்சு செருப்பு மாட்ட முடியுதா?"

எதிர்முனையில் ஏதோ சொன்னார்கள்.

"சரி, மருமக மாட்டி விடறாங்க. மருமக ஊருக்குப் போயிட்டா?"

மறுபடி ஏதோ பதில். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே நோட்டில் எழுதினார்: 'மருமகள் இல்லாத நாளில் வெறுங்காலோடு போகிறார்.'

இப்படி ஒரு கேள்வியை நான் படித்த எந்தப் பாடநூலிலும் கண்டதில்லை. பஸ்ஸில் எத்தனை நிறுத்தம் நிற்க முடியும்? ராத்திரி புரண்டு படுக்க யாராவது பிடிக்க வேண்டுமா? தும்மல் வந்தால் முதலில் எதைப் பிடித்துக்கொள்வீர்கள்? கடைசியாக ஒன்று: மறுபடியும் அதே நாள் வந்தால் இந்த அறுவையைச் செய்துகொள்வீர்களா? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் வரும்வரை காத்திருப்பார். அவசரப்படுத்த மாட்டார்.

அந்தச் சுவரோரம், இடது கைப்பக்கம் நிற்கும் பெரியவர் ஒரு தையல்காரர். பெரியவரே, உங்கள் அனுமதியோடு சொல்கிறேன். அவருக்கு நான்கு ஆண்டு சுகமாக இருந்தது. பிறகு வலி திரும்பியது. வேறு ஊரில், வேறு மருத்துவமனையில், இரண்டாவது அறுவை செய்துகொண்டார். என் ஏட்டில் அவர் நலம்! இங்கே ஏன் வரவில்லை என்று அக்கா கேட்டாராம். அவர் சொன்னதை அக்கா ஒரு எழுத்து மாற்றாமல் எழுதி வைத்திருக்கிறார்.

"டாக்டரு நல்லாத்தான்மா பண்ணினாரு. என் உடம்புவாகு சரியில்ல. திரும்பப் போய் நின்னா அவரு மொகம் வாடிப் போயிடும். பெரிய மனுசன், எதுக்கு நோகடிக்கணும்னு வேற எடத்துக்குப் போயிட்டேன்."

கேட்டீர்களா? இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்த மனிதர் என் முகம் வாடக்கூடாது என்று ஊர் தாண்டிப் போயிருக்கிறார்! நானோ அவர் வராததற்குப் பதக்கம் வாங்கியிருக்கிறேன். பெரியவரே, என் முகம் வாடியிருக்க வேண்டும். பதினைந்து ஆண்டுக்கு முன்பே வாடியிருக்க வேண்டும்.

இரண்டு ஆண்டு பாடுபட்டு அக்கா அந்த நோட்டை முடித்தார். ஏழு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு திங்கட்கிழமை, கூட்டம் கலைந்த பிறகு, என் அறைக்குக் கொண்டுவந்தார்.

"என்ன அக்கா இது?"

"வராதவங்க, டாக்டர்."

புரட்டினேன். நான்கு பேர் கிடைக்கவில்லை. ஏழு பேர் வேறு நோய்களால் இறந்திருந்தார்கள். எழுபது பேரிடம் பேசியிருந்தார். அதில் முப்பத்திரண்டு பேர் நலம். முப்பத்தெட்டுப் பேருக்குத் தொல்லை. வந்தவர்களையும் இவர்களையும் கூட்டிப் பார்த்தால் இருநூறு பேரில் நூற்று நாற்பத்துநான்கு பேர் நலம், நூற்றுக்கு எழுபத்திரண்டு. என் தொண்ணூற்றொன்று எழுபத்திரண்டாகிவிட்டது.

அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்: "எழுபத்திரண்டும் நல்ல எண்ணுதானே டாக்டர். அதச் சொன்னா உங்கள யாரும் கொறச்சலா நெனைக்க மாட்டாங்க. புதுசா வர்றவங்க தெரிஞ்சு வருவாங்க, அவ்வளவுதான்."

எவ்வளவு நாகரிகமாக எனக்கு ஒரு வழி திறந்து விட்டார், பாருங்கள்! நான் என்ன செய்தேன்? உள்ளதைச் சொன்னால் நொள்ளைக் கண்ணனுக்கு நோப்பாளம் என்பார்கள். எனக்கும் அப்படித்தான் கோபம் வந்தது. குற்றம் கண்டுபிடிக்க ஏதாவது கிடைக்குமா என்று விரல் விட்டு எண்ணினேன். கிடைத்தது!

"நாலு, ஏழு, எழுபது. எண்பத்தொண்ணுதான் வருது. எண்பத்திரண்டுல ஒரு ஆள் குறையுதே?"

"ஆமா டாக்டர். ஒரு ஆள் குறையுது."

"கூட்டலே சரியா வரலைன்னா இதை எப்படி நான் நம்பறது? டோக்கன் கூப்பிடறது உங்க வேலை. அதைப் பாருங்க அக்கா."

அவர் ஒரு கணம் நின்றார். எதையோ எதிர்பார்த்து நின்றார் என்று இப்போது தோன்றுகிறது. பிறகு, "சரி டாக்டர்" என்று சொல்லிவிட்டுப் போனார். நோட்டை நான் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன்.

அதோடு விட்டேனா? இல்லை. அன்று மாலையே நிர்வாகத்துக்குக் குறிப்பு எழுதினேன்: 'மறுபரிசோதனை மேசைத் தொலைபேசி சொந்தப் பேச்சுக்குப் பயன்படுத்தப்படுகிறது. அகற்றவும்.' அந்தக் குறிப்பை உங்களில் பலர் இன்றுதான் என்னுடையது என்று அறிகிறீர்கள். அக்காவுக்கு அன்றே தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். தொலைபேசி போன பிறகு சுவரில் நான்கு திருகாணித் துளை மிஞ்சியது. அதை மறைத்து ஒரு நாட்காட்டி மாட்டிவிட்டு, சாப்பாட்டு இடைவேளையில் மாடிப்படிக்குக் கீழே நின்று, சொந்தக் கைபேசியில், புதிதாக வராமல் போனவர்களை அழைப்பதைத் தொடர்ந்தார். ஏழு ஆண்டு! என்னைப் பார்த்தால் வழக்கம்போல வணக்கம் சொன்னார். ஒரு சொல், ஒரு முகச்சுளிப்பு உண்டா? கிடையாது.

அவையோரே, இதுவரை சொன்னது என் தவறில் பாதிதான்.

அக்காவைப் பற்றி நாம் எல்லோரும் சொல்லிச் சிரிக்கும் ஒரு கதை உண்டே, ஒற்றைச் செருப்புக் கதை! அதோ, செவிலியர்கள் இப்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். அட்டைகளைத் தூக்கிக்கொண்டு நடைபாதையில் விறுவிறுவென்று வருவார். இடது செருப்பு பத்தடி பின்னால் அநாதையாகக் கிடக்கும். "அக்கா, ஜோடியக் காணோம்!" என்று யாராவது கத்துவார்கள். குனிந்து பார்த்து, "அட, எப்ப கழண்டுச்சு?" என்று திரும்பி வருவார். மாதத்தில் இரண்டு தடவையாவது நடக்கும். ஒருமுறை செருப்பை நானே காலால் அவர் பக்கம் தள்ளிவிட்டுச் சிரித்திருக்கிறேன். பின்னாளில் பின்பட்டை வைத்த செருப்பு வாங்கிக்கொண்டார். வேடிக்கை நின்றுபோனது.

கழன்ற செருப்பு ஏன் அவருக்குத் தெரியவில்லை?

முதுகெலும்பு அறுவையில் முப்பது ஆண்டு அனுபவமுள்ளவன் கேட்கிறேன். ஒரு பெண்ணுக்கு இடது காலிலிருந்து செருப்பு கழன்றது தெரியவில்லை என்றால் அதற்கு என்ன பொருள்? முதலாண்டு மாணவன் சொல்வான்: பாதம் மரத்திருக்கிறது, நரம்பு மீளவில்லை. கைப்புண்ணுக்குக் கண்ணாடியா வேண்டும்? தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். பிறர் முதுகைப் பார்ப்பதற்காகவே சம்பளம் வாங்கிய எனக்கு, கண்ணெதிரே நடந்துபோன முதுகு தெரியவில்லை.

அந்த முதுகைத் திறந்தவனே நான்தான். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பு, வார்டில் ஒரு கனத்த நோயாளியைக் கட்டிலிலிருந்து தூக்கும்போது அக்காவுக்கு ஜவ்வு விலகியது. நான் அறுவை செய்தேன். ஆறாவது வாரம் வேலைக்கு வந்துவிட்டார். இனித் தூக்கக்கூடாது என்பதால் மறுபரிசோதனை மேசையில் உட்கார வைத்தோம். பயந்து நடுங்கும் ஒவ்வொரு நோயாளிக்கும் அவரைக் கைநீட்டிக் காட்டினேன். "இதோ நிக்கறாங்க பாருங்க, நான்தான் பண்ணினேன். எப்படி ஓடியாடறாங்க!" அவர் அடக்கமாகச் சிரிப்பார். என் கடையின் விளம்பரப் பலகையாக அவரைப் பத்தொன்பது ஆண்டு நிறுத்தினேன். ஒருநாள், ஒரே ஒருநாள், அவரிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டேனா? கேட்கவில்லை.

அவர் இறந்த செய்தி வந்த அன்று பகலில் அறைக்குப் போய் இழுப்பறையைத் திறந்தேன். ஏழு ஆண்டுக்குப் பிறகு அந்த நோட்டை வெளியே எடுத்தேன். இந்தமுறை குற்றம் தேடாமல், ஒவ்வொரு வரியாகப் படித்தேன். நாற்பத்தொன்றாம் எண்ணில் நின்றுவிட்டேன். தொழில் என்ற இடத்தில் 'செவிலியர்' என்று எழுதியிருந்தது. அறுவை ஆண்டு எழுதியிருந்தது. கேள்விகளுக்கு எதிரே ஒன்றும் இல்லை. 'கேட்டவர்' என்ற கடைசிக் கட்டமும் காலி. வேலை செய்யும் இடமும் சோதனை அறையும் இருபது அடி தூரம் என்பதால் அவருக்கு யாரும் மறுபரிசோதனைக்கு நாள் குறித்துக் கொடுக்கவில்லை. அதனால் அவரும் வராதவர். அதனால் அவரும் என் ஏட்டில் நலம்.

நோட்டின் உள்ளட்டையில் தன் முறையை எழுதி வைத்திருக்கிறார். படிக்கிறேன்: 'யார் வரியையும் அவரே எழுதக் கூடாது. இன்னொருவர் கேட்டு எழுத வேண்டும். தானே எழுதினால் நலம் என்றுதான் எழுதுவார்கள்.'

அவையோரே! "ஒரு ஆள் குறையுது" என்று நான் அன்று எள்ளி நகையாடினேனே, அந்த ஆள் என் எதிரில் நின்றுகொண்டிருந்தார்! "ஆமா டாக்டர், ஒரு ஆள் குறையுது" என்று சொல்லவும் செய்தார். 'யார் அது' என்று நான் கேட்டிருந்தால் போதும். அந்த ஒற்றைக் கேள்விக்காகத்தான் நின்றிருக்கிறார். டோக்கன் கூப்பிடப் போகச் சொன்னேன்.

வெட்கமாக இருக்கிறது. மேடையில் சொல்லும் அலங்காரச் சொல்லாக இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் படத்தைப் பார்க்க முடியவில்லை. அதனால்தான் உங்கள் பக்கமே திரும்பி நின்று பேசிக்கொண்டிருக்கிறேன்.

நான்கு நாள் முன்பு அந்த நோட்டை எடுத்துக்கொண்டு அக்காவின் வீட்டுக்குப் போனேன். இனியாவது அந்த வரியை நிரப்பலாம் என்று ஓர் அற்ப ஆசை. மகளிடம், அவருடைய அம்மா கேட்ட அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்டேன். பொறுமையாகப் பதில் சொன்னார்.

"ஆபரேஷனுக்கு அப்புறம் அம்மா தரையில உக்காந்து நான் பாத்ததே இல்ல டாக்டர். அது நடக்கறப்ப எனக்குப் பத்து வயசு. இடது கால்ல சுடுதண்ணி பட்டாக்கூட கொப்புளத்தப் பாத்துத்தான் தெரிஞ்சுக்குவாங்க."

"கால்வலி?"

"கால்வலி போயிடுச்சு. அத எப்பவும் சொல்லுவாங்க. முன்னாடி வலியில கத்தினது எனக்கே ஞாபகம் இருக்கு. 'டாக்டர் கைராசிக்காரரு, ஆனா காதுதான் கொஞ்சம் மந்தம்'னு சிரிப்பாங்க."

கடைசிக் கேள்விக்கு வந்தேன். மறுபடியும் அதே நாள் வந்தால் அம்மா இந்த அறுவையைச் செய்துகொண்டிருப்பாரா?

மகள் என்னையே பார்த்தார். அம்மா காத்திருப்பதுபோலவே நானும் காத்திருந்தேன்.

"அத நீங்க அம்மாகிட்டதான் கேட்டிருக்கணும் டாக்டர்."

அவர் கோபப்படவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்டார். நான் நோட்டை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். மகளே, நீ சொன்னது சரி. நாற்பத்தொன்றாம் எண்ணுக்கு எதிரே நீ சொன்ன எதையும் நான் எழுதவில்லை. 'கேட்கவில்லை' என்று எழுதி, கீழே என் கையெழுத்தைப் போட்டேன். என் வாழ்நாளில் நான் எழுதிய முதல் பொய்யில்லாத மருத்துவக் குறிப்பு அது என்று நினைக்கிறேன்.

இப்படிப்பட்டவருக்கு நாம் என்ன செய்யப் போகிறோம்? படம் திறந்தோம், சரி. ஒரு வார்டுக்கு அவர் பெயரை வைக்கலாம் என்று சற்றுமுன் ஒருவர் சொன்னார், நல்லது. ஆனால் அக்கா எழுந்து வந்தால் வாசலில் நின்று ஒன்றுதானே கேட்பார்? "வராதவங்க எங்க?"

அதனால், நான் செய்ததையும் செய்யப் போவதையும் சொல்லிவிடுகிறேன். கட்டுரையை வெளியிட்ட இதழுக்கு நேற்றுத் திருத்தக் கடிதம் அனுப்பிவிட்டேன். தொண்ணூற்றொன்று தவறு, எழுபத்திரண்டு என்று எழுதி, கண்டறிந்தவர் அக்கா என்றும் எழுதினேன். பதக்கத்தைத் தந்தவர்களுக்கே திருப்பி அனுப்பினேன். கூடத்தில் தொங்கிய சட்டத்தை இன்று காலை நானே ஏணி போட்டுக் கழற்றினேன். இனி இந்த அறுவைக்கு வரும் ஒவ்வொருவரிடமும், கையெழுத்து வாங்குவதற்கு முன், உள்ளதைச் சொல்வோம்: கால்வலி பெரும்பாலும் சீக்கிரம் தீரும். இடுப்புவலி பின்னாளில் திரும்பலாம். மரத்த பாதம் மீளாமலும் போகலாம். சிலருக்கு இரண்டாவது அறுவை தேவைப்படலாம். அவசரம் இல்லாத இடத்தில் அறுவை இல்லாமல் பொறுத்திருந்து பார்த்தவர்களிலும் பலர் சில ஆண்டுகளில் அறுவை செய்துகொண்டவர்கள் அளவுக்கே தேறிவிடுகிறார்கள். இதையெல்லாம் கேட்டுவிட்டு அவர்கள் முடிவு செய்யட்டும்.

நாட்காட்டிக்குப் பின்னால் இருந்த அதே நான்கு துளையில் தொலைபேசி மறுபடி ஏறிவிட்டது. திங்கட்கிழமை தோறும் இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை அந்த மேசையில் நான் உட்காருவேன். அக்கா வீட்டில் வைத்திருந்த அந்தக் கையுறைப் பெட்டியை மகள் எனக்குத் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். என் துறையில் பயிலும் இளம் மருத்துவர்களே, நீங்களும் முறைவைத்து உட்காருவீர்கள். வராதவர் என்ற பத்திக்கு எதிரே நலம் என்ற சொல்லை நம் மருத்துவமனையில் இனி யாரும் எழுதக் கூடாது. அக்கா, உங்கள் மேல் ஆணை என்று சொல்ல எனக்கு அருகதை இல்லை. வேலையாகச் செய்து காட்டுகிறேன்.

இன்னும் சற்று நேரத்தில் முதல்வர் இரண்டு நிமிட மௌனத்துக்கு நம்மை எழச் சொல்வார். எழுந்து நிற்போம். அது முடிந்ததும், சுவரோரம் நிற்கும் நீங்கள் மட்டும் தயவுசெய்து கலைந்துவிடாதீர்கள். வாசல் பக்கத்தில் ஒரு மேசை போட்டிருக்கிறேன். நோட்டு புதிது. நின்றபடியே சொல்லலாம். எனக்கு வணக்கம் வைக்க வேண்டாம். என் முகம் வாடுமே என்று பார்க்க வேண்டாம். நல்லா இருக்கேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடாதீர்கள். குனிந்து செருப்பு மாட்ட முடிகிறதா என்பதுதான் முதல் கேள்வி. தையல்காரரே, நீங்கள் முதலில் வாருங்கள்.